மீன் தொட்டிக்கு உறை ஊற்றிய கதை

வளைகுடாவில் வளரும் நம்ம பிள்ளைகள் முதலில் கேட்பது நாய்க்குட்டி. கடைசியில் வீட்டுக்கு வந்து சேருவது மீன். நாய் பூனைக்கு அனுமதி இல்லாத கட்டடங்கள் இங்கே நிறைய. இருக்கிற இடத்திலும், ஜூலை வந்தால் ஊருக்குப் போகணும், அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்து நிற்கும். மீன் என்றால் சத்தம் இல்லை, வாக்கிங் கூட்டிப்போக வேண்டாம், ரெண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி போட்டால் போதும். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு அது தாய்மாமன் சீராக வந்தது. மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு அபுதாபியிலிருந்து வந்த என் தம்பி, ரெண்டு அடி நீளக் கண்ணாடித் தொட்டி, ஃபில்டர், கலர் கல், பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் ஷார்ஜாவில் எங்கள் ஹாலில் கொண்டுவந்து இறக்கினான். கூடவே ரெண்டு பாலித்தீன் பையில் நாலு கோல்ட்ஃபிஷ், ஆறு கப்பி. "இன்னைக்கே விட்டுடலாம்க்கா, கடையில சொல்லிட்டாங்க. இந்தச் சொட்டு மருந்தை ஊத்தினா குளோரின் போயிடும், அவ்வளவுதான்" என்றான். கேக் வெட்டும் நேரத்தில் தொட்டி தயார். வந்திருந்த பிள்ளைகள் யாரும் டிவி பக்கம்கூடத் திரும்பவில்லை.

அப்போது மதுரையிலிருந்து அம்மாவும் வந்திருந்தார்கள். விசிட் விசாவில் இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி. நான் பிறந்தது இதே ஷார்ஜாவில்தான். அப்பா ஓய்வு பெற்றதும் ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். முப்பது வருஷம் இருந்த ஊருக்கே இப்போது அறுபது நாள் விருந்தாளி. தொட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "புதுச் சட்டியில அன்னைக்கே மீன் குழம்பு வைக்க மாட்டோம். பழக்கிட்டுத்தான் வைப்போம். இதுல உசுரையே விடுறீங்க."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழனி மாதிரி வெளுத்தது. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பசிக்குதும்மா" என்றாள் மகள். பசி இல்லை, மூச்சு. ஐந்தாம் நாள் காலை, ஸ்கூல் பஸ் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், கோல்ட்ஃபிஷ் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. அன்று சாயங்காலம் இன்னொன்று.

தம்பி கடைக்குப் போன் போட்டுக் கேட்டான். "தண்ணியை முழுசா மாத்துங்க, ஃபில்டரைக் குழாயில வச்சு நல்லா கழுவுங்க, செத்ததுக்குப் பதிலா புதுசு ரெண்டு தர்றோம்" என்று பதில் வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அழுக்காக இருந்தால் கழுவுகிறோம், செத்தால் வேறு வாங்குகிறோம். ஆனால் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு மலையாளிக் குடும்பம் இருக்கிறது. அந்தச் சேட்டன் கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். அவர் வீட்டில் அஞ்சு வருஷமாக நாலு அடித் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் மீனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு டெஸ்ட் கிட்டை எடுத்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, ரெண்டு பாட்டிலிலிருந்து சொட்டு விட்டுக் குலுக்கினார். அஞ்சு நிமிஷத்தில் தண்ணீர் பச்சையானது. "மஞ்சளா இருந்தா அம்மோனியா இல்லைன்னு அர்த்தம். இது ரெண்டு பிபிஎம். இந்தத் தண்ணியில அதுங்க செவுள் எரியுது" என்றார்.

"தண்ணி நேத்துலேர்ந்து நல்லாத் தெளிஞ்சிருக்கே, அங்கிள்?" என்று மகள் கேட்டாள். உண்மைதான். வெளுப்பு போய்க் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. "தெளிவா இருக்கிறது வேற மோளே, சுத்தமா இருக்கிறது வேற."

தொட்டிக்குள்ளே என்ன நடக்கிறது

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. மிஞ்சின தீனி அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் அதைத் தின்கிற பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கும். நைட்ரோசோமோனாஸ் போன்ற ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது, அளவோடு இருந்தால் பெரிய கேடு இல்லை. செடிக்கு அது உரம்.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் இல்லை. கடையில் வாங்கின ஃபில்டர் என்பது வெறும் வீடு. குடியிருக்க ஆள் வரவேண்டும். சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் ரெண்டு மடங்காகிவிடும். மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்தது அவற்றால்தான். இந்த நல்ல கூட்டம் ரெண்டு மடங்காவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். மீனை விடாமலே, துளித் துளியாக அம்மோனியா சேர்த்து அந்தக் கூட்டத்தை வளர்த்துவிட்டு, பிறகு மீன் வாங்குவதுதான் முறை. எங்கள் வீட்டிலோ மீன் முதலில் வந்துவிட்டது.

நம்ம ஊர்த் தண்ணீர், அதாவது இந்த ஊர்த் தண்ணீர், இதைக் கொஞ்சம் கடினமாக்குகிறது. ஷார்ஜாவில் லையா, துபாயில் ஜெபல் அலி, அபுதாபியில் தவீலா, சவுதியில் ஜுபைல், ஓமானில் பர்கா என்று வளைகுடா முழுக்கக் குழாயில் வருவதில் பெரும்பகுதி கடல்நீர்தான். காய்ச்சி ஆவியாக்கியோ, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியோ உப்பை எடுக்கிறார்கள். அப்படிக் கிடைக்கிற வெறும் தண்ணீர் குழாயை அரிக்கும் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்த்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். எங்கள் குழாயில் பிஎச் 8 காட்டியது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அம்மோனியா இருக்கிற தொட்டியில் அது பிரச்சினை. பிஎச் 7-ல் இருந்தால் மொத்த அம்மோனியாவில் மீனைத் தாக்கும் வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பிஎச் 8-ல், 28 டிகிரி வெப்பத்தில், அது நூற்றில் ஆறு பங்கைத் தாண்டும். அதே அம்மோனியா, பத்து மடங்கு விஷம்.

அது மே மாதம். மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயில் காய்ந்து வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் ஏசியில் ஆறிக் கிடக்கும் தண்ணீரைப் பிடித்துக் குளிக்கிறவர்கள் நாம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். எரிகிற செவுளோடு, குறைந்த மூச்சு. மீன்கள் மேலே வந்து தவித்தது இதனால்தான்.

ஒரு துண்டு ஸ்பாஞ்ச்

சேட்டன் மூன்று காரியம் செய்யச் சொன்னார். தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் அம்மோனியாவும் பாதியாகும், ரெண்டு பிபிஎம் ஒன்றாகும், மறுபடி மாற்றினால் அரையாகும். புதுத் தண்ணீரை முந்தின இரவே பக்கெட்டில் பிடித்து ஹாலில் ஏசிக்குக் கீழே வைத்து, குளோரின் நீக்கும் சொட்டு விட்டு, தொட்டிச் சூட்டுக்குச் சமமாக வந்த பிறகு ஊற்ற வேண்டும். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு.

"குடிக்கிற கேன் தண்ணியை ஊத்திட்டா என்ன? அது இதைவிடச் சுத்தமாச்சே" என்று அம்மா கேட்டார்கள். "வேண்டாம் அம்மே, அதுல தாது உப்பு ரொம்பக் கம்மி. மீனுக்குக் கொஞ்சம் உப்பும் சுண்ணாம்பும் வேணும். இந்தக் குழாய்த் தண்ணியே போதும்."

மறுநாள் அவர் ஒரு பாலித்தீன் கவரோடு வந்தார். உள்ளே அவர் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் ஊறியபடி பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். பார்க்க அழுக்குத் துணி மாதிரி இருந்தது. தன் ஃபில்டரிலிருந்து வெட்டி எடுத்துவந்திருக்கிறார். அதை எங்கள் ஃபில்டருக்குள், புது ஸ்பாஞ்சை ஒட்டி வைத்தார். "அஞ்சு வருஷமா வளர்ந்த பாக்டீரியா. இங்கேயும் பரவிக்கும். இதைக் கழுவிடாதீங்க. குழாய்த் தண்ணி பட்டா குளோரின்ல செத்துப்போகும்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "இதைச் சொல்றதுக்கு இவ்வளவு இங்கிலீஷா? உறை மோர்னு சொல்ல வேண்டியதுதானே!"

மகளுக்கு உறை என்றால் தெரியவில்லை. டப்பாவில் வரும் தயிரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். அன்று ராத்திரி அம்மா பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மூடிவைத்து, காலையில் அவளை எழுப்பிக் காட்டினார்கள். கிண்ணத்தைச் சாய்த்தும் ஊற்றவில்லை. "ராத்திரி ஒரு ஸ்பூன்தான் விட்டோம். அது உள்ள போயி ஊரையே கூட்டிருச்சு பாரு" என்றார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், அம்மாவுக்கு முதல் உறை கொடுத்தது எதிர் ஃபிளாட்டில் இருந்த ஒரு மலையாளி டீச்சராம். இது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டு மீன்கள், ஒரு கேள்வி

தண்ணீரைவிடக் கடினமானது வேறொன்று இருந்தது. முதல் மீன் செத்த அன்று, மகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வைத்துவிடலாமா என்று என் கணவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மில் பல பேர் செய்கிற காரியம்தான் அது. பிள்ளையின் கண்ணீரைப் பார்ப்பதைவிட பதினைந்து திர்ஹம் சுலபம். ஆனால் காலையிலேயே அவள் பார்த்துவிட்டாள். அதோடு, தயாராகாத தண்ணீரில் விடும் மூன்றாவது மீனும் அப்படித்தான் போகும். பொய் சொல்வதற்கு ஒரு உயிரைச் செலவழிக்க வேண்டியிருந்திருக்கும்.

பால்கனியில் அம்மா ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்த்துப் பார்த்து வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ரெண்டு மீனையும் அதில்தான் புதைத்தோம். "நம்மளாலயா செத்துச்சு?" என்று கேட்டாள். "அதுக்கு வேண்டிய வீடு தயாராகுறதுக்கு முன்னாடியே அது வந்துடுச்சு. இப்ப மிச்சம் இருக்கிற எட்டுக்கும் வீட்டைத் தயார் பண்றோம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை. "மாமாகிட்டயே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் ஒரு தடவை. இனிமேல் எதன் மேலும் ஆசை வைக்கக் கூடாது என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை முடிவு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இருக்கிறதே, அது அம்மோனியாவைவிட எரிகிற விஷயம்.

அம்மாதான் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கட்டம் போட்டு, "எனக்குக் கண்ணு தெரியலை, இந்தக் குழாயில என்ன கலர்னு நீ பார்த்துச் சொல்லு குட்டி" என்றார்கள். திங்கள், செவ்வாய் என்று கிழமையை அவள் தமிழில் எழுத வேண்டும். பக்கத்தில் கிரேயானால் கலர் தீட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் அழுது அழுது எழுதுகிற பிள்ளை, 'வியாழன்' என்பதற்கு எந்த 'ழ' என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

பச்சை நாளுக்கு நாள் வெளிறியது. பன்னிரண்டாம் நாள் மஞ்சள். ஆனால் அன்றே நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறத் தொடங்கியது. முதல் கூட்டம் வந்துவிட்டது, ரெண்டாவது இன்னும் வரவில்லை என்று அர்த்தம். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் ஏற்ற விடாமல் செய்யும். தொட்டிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு கரைத்து ஊற்றச் சொன்னார் சேட்டன். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். கோல்ட்ஃபிஷ்ஷும் கப்பியும் அந்த அளவு உப்பைத் தாங்கும். எல்லா மீனும் தாங்காது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் மாற்றுவதும் தொடர்ந்தது.

இருபத்தாறாம் நாள் அம்மா கிளம்பினார்கள். அன்று காலையும் நோட்டில் ஊதாதான். "நீலம் வந்ததும் எனக்குப் போன் பண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து நீலம் வந்தது. மதுரையில் அப்போது ராத்திரி பத்தரை. வீடியோ காலில் குழாயைக் கேமராவுக்கு ஒட்டிப் பிடித்து, "அம்மாச்சி, உறைஞ்சிருச்சு!" என்று கத்தினாள். அவள் மொழிபெயர்க்காமல் சொன்ன முதல் தமிழ் நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும்.

தொட்டி வாங்க நினைப்பவர்களுக்கு

தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனை ஒரு மாதம் கழித்து. பிள்ளைகளிடம் அந்த மாதத்தையே விளையாட்டாக்கலாம், நோட்டும் கிரேயானும் போதும்.

பழைய, நோயில்லாத தொட்டி வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கேளுங்கள். ஈரம் காயாமல், அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவாருங்கள். உங்கள் ஃபில்டரை அலசும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நாலும் பார்க்கிற சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்குங்கள். கண்ணால் பார்த்துத் தண்ணீரை எடை போட முடியாது.

தொட்டி தயாரான பிறகும் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். எடுக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். உப்பு போட்ட நாட்களில் மட்டும் வேண்டாம்.

அறுபது லிட்டர் தொட்டி கோல்ட்ஃபிஷ்ஷுக்குப் போதாது. அவை அரை அடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். எங்கள் வீட்டில் பிழைத்த ரெண்டும் இப்போது சேட்டனின் நாலு அடித் தொட்டியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கப்பிகள் எங்களோடு. ஆறு இருந்தது, குட்டி போட்டுப் பெருகி இப்போது எண்ண முடியவில்லை.

ஊருக்குப் போகும்போது ஏசியை முழுசாக அணைக்காதீர்கள். பூட்டிய ஃபிளாட்டில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். 28-ல் வைத்துவிட்டுப் போங்கள். தீனி போட ஒப்புக்கொண்டவரிடம் முழு டப்பாவைக் கொடுக்காமல், மாத்திரை டப்பாவில் நாளுக்கு ஒரு சிட்டிகையாகப் பிரித்து வைத்துக் கொடுங்கள். அன்பில் அதிகமாகப் போட்டுவிடுவார்கள்.

போன வாரம் ஏழாவது மாடியில் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் மகனுக்குத் தொட்டி வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் வெளுத்திருக்கிறதாம். மகள் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்தாள். ஃபில்டரைத் திறந்து, பழுப்பேறின ஸ்பாஞ்சில் ஒரு மூலையை வெட்டி, கவரில் தொட்டித் தண்ணீர் பிடித்து முடிச்சுப் போட்டாள். லிஃப்ட் வரும்வரை அந்த அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆன்ட்டி, இது அழுக்கு இல்ல. கழுவிடாதீங்க."